இல்லற விளக்கு: விழித்திருக்க வேண்டிய இரவு

அக்டோபர்த் திங்களின் கடைசி இரவை இன்று உலகின் பல நாடுகள் ‘ஹாலோவீன்’ என்னும் பெயரால் கொண்டாடுகின்றன. அயல்நாட்டாருக்கு மட்டுமே உரியதாக இருந்த இவ்வழக்கம், இப்பொழுது நம் வாயிலுக்கும் வந்துவிட்டது. ஓசூரிலிருந்து பெங்களூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். நம் பங்கு மக்களின் பிள்ளைகள் பலர் நாள்தோறும் ஜூஜுவாடியைக் கடந்து, அத்திப்பள்ளி வழியாக அந்நகருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். அங்குள்ள விடுதிகளிலும் வணிக வளாகங்களிலும் பேய் முகமூடி அணிந்து நடைபெறும் இரவு விருந்துகள் அவர்களுக்குப் புதியவை அல்ல.

இவ்விருந்துகளையொட்டி ஒரு கேள்வியும் நம் இல்லங்களுக்குள் நுழைந்திருக்கிறது. “நாங்கள் வயது வந்தவர்கள். கனடாவில் சட்டமே இடந்தருகிறது. ஆண்டுக்கு ஓர் இரவு, அளவோடு, பாதுகாப்பாகக் கஞ்சாவை அனுபவித்தால் என்ன தவறு?” இதைச் சிலர் வாய்விட்டுக் கேட்கின்றனர், பலர் மனத்துக்குள் கேட்டுக்கொள்கின்றனர். “வாயை மூடு” என்பது இதற்கு விடையாகாது. கேட்பவர் குழந்தையல்லர், சம்பாதிக்கும் இளைஞர். எனவே இம்மாதம் இக்கேள்வியை நேர்மையாக எடுத்து ஆராய விரும்புகிறோம்.

முதலில் அந்த இரவு எத்தகையது என்று பார்ப்போம். ஹாலோவீன் என்னும் சொல்லுக்குப் ‘புனிதர்களின் விழாவுக்கு முந்திய மாலை’ என்பதே பொருள். எட்டாம் நூற்றாண்டில் திருத்தந்தை மூன்றாம் கிரகோரி உரோமையின் புனித பேதுரு பேராலயத்தில் புனிதர் அனைவரின் பெயராலும் ஒரு சிற்றாலயத்தை அர்ப்பணித்தார். ஒன்பதாம் நூற்றாண்டில், நான்காம் கிரகோரியின் காலத்தில், நவம்பர் 1ஆம் நாள் புனிதர் அனைவரின் பெருவிழாவாக மேலைத் திருச்சபையெங்கும் பரவிற்று. அதற்கு முந்திய நாள் 1955ஆம் ஆண்டின் சீர்திருத்தம் வரை வழிபாட்டு நாட்காட்டியில் திருவிழிப்பு நாளாகவே இடம்பெற்றிருந்தது. பாஸ்காத் திருவிழிப்பை அறிந்த நமக்கு இச்சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. புலன்கள் மழுங்காமல், உள்ளம் உறங்காமல் காத்திருப்பதே திருவிழிப்பு.

வீடுதோறும் சென்று இனிப்புக் கேட்கும் வழக்கத்துக்கும் இதையொத்த வேர் உண்டு. இடைக்கால இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஏழைகள் இந்நாள்களில் இல்லந்தோறும் வருவர். அவ்வீட்டாரின் இறந்த உறவினருக்காகச் செபிப்பதாகச் சொல்லி அப்பம் பெற்றுச் செல்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய அயர்லாந்து மக்கள் இவ்விழாவை உடன்கொண்டு சென்றனர். அங்கேதான் பரங்கிக்காய் விளக்கும் வந்து சேர்ந்தது. கல்லறைத் திருநாளன்று ஏழைகளுக்கு உணவிடும் நம் குடும்பங்களுக்கு இது அந்நியமான செய்தியா? இறந்தோரை நினைந்து இருப்போருக்குக் கொடுத்த இரவு, வணிகர் கையில் அகப்பட்டு மயக்கத்தின் இரவாக மாறியதே வருந்தத்தக்கது.

இனி ‘பாதுகாப்பாக’ என்ற சொல்லுக்கு வருவோம். கனடா நாடு 2018ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் வயது வந்தோர்க்குக் கஞ்சாவை அனுமதித்தது உண்மையே. ஆனால் எவ்வாறு அனுமதித்தது? உரிமம் பெற்ற கடையில், வயதைச் சரிபார்த்த பின்னரே விற்க வேண்டும். டி.எச்.சி. எனப்படும் மயக்கப் பொருள் எத்தனை மில்லிகிராம் என்று பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும். உண்ணும் பண்டமாயின் ஒரு பொட்டலத்தில் 10 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது. புதிதாக உண்போர் இரண்டரை மில்லிகிராமுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையே அறிவுறுத்துகிறது. இத்தனை வேலிகள் இருந்தும், பெரியவர்கள் வாங்கிவைத்த இனிப்பை அறியாமல் தின்று மருத்துவமனைக்கு வந்த சிறு குழந்தைகளின் எண்ணிக்கை அந்நாட்டில் உயர்ந்ததேயன்றிக் குறையவில்லை.

நம் எல்லைப்புறத்தில் விற்கப்படும் சரக்குக்கு இவ்வேலிகளுள் எது இருக்கிறது? செய்தித்தாளில் மடித்துத் தரும் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று விற்பவனே அறியான். தொழிற்பேட்டைப் பகுதிகளில் காவல் துறையினர் கைப்பற்றும் ‘கஞ்சா சாக்லேட்’ பார்ப்பதற்குக் குழந்தைகளின் மிட்டாயைப் போலவே இருக்கிறது. மயக்கப் பொருளின் அளவு அதன் உறையில் இல்லை. அண்மை ஆண்டுகளில் பெங்களூரு, சென்னை விமான நிலையங்களில் தாய்லாந்திலிருந்து கடத்தி வரும்போது பிடிபடும் உயர்ரகக் கஞ்சாவோ, பழைய நாட்டுச் சரக்கைவிடப் பன்மடங்கு வீரியமுடையது. பாதுகாப்புக்கு முதற்படி அளவு. அளவே தெரியாத பொருளை ‘அளவோடு அனுபவிப்போம்’ என்பது, ஆழம் அறியாத கிணற்றில் அளந்து குதிப்போம் என்பதற்கு ஒப்பாகும்.

புகைப்பதற்கும் உண்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருத்தல் நலம். புகைத்தால் சில நிமிடங்களிலேயே மயக்கம் தலைக்கேறும். உண்டால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. “ஒன்றும் செய்யவில்லையே” என்று இரண்டாவது துண்டையும் தின்பவர், பின்னர் இரண்டும் சேர்ந்து தாக்க, ஆறு மணி நேரத்துக்கு மேலும் அல்லலுறுகிறார். நெஞ்சு படபடக்கிறது, காரணமற்ற அச்சம் கவ்வுகிறது, சிலருக்கு இல்லாத குரல்கள் கேட்கின்றன. மது அருந்தியவர்க்கு இவ்விளைவுகள் மேலும் கடுமையாகும். குடும்பத்தில் மனநோய் கண்ட வழியினர்க்கு இது நீங்காத சித்தப்பிரமைக்கு வாயிலாகவும் அமையலாம். மனித மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பர் மருத்துவர். பயன்படுத்துவோருள் ஏறத்தாழ பத்தில் ஒருவரும், வளரிளம் பருவத்தில் தொடங்கியோருள் ஆறில் ஒருவரும் அதற்கு அடிமையாகின்றனர். மைய அரசு 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வின்படி, கஞ்சா, பாங்கு போன்றவற்றால் துன்புற்று உதவி தேவைப்படும் நிலையிலிருந்த இந்தியர் ஏறத்தாழ 72 லட்சம் பேர்.

நம் வட்டாரத்துக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. விருந்து முடிந்து நள்ளிரவில் இருசக்கர வண்டியில் 44ஆம் எண் நெடுஞ்சாலையில் திரும்ப வேண்டும். சரக்கு லாரிகள் இடைவிடாது ஓடும் சாலை அது. காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்டு; கை அழுத்தும் எந்திரத்தின் முன் நிற்க வேண்டும். தலை தெளிந்துவிட்டதாக எண்ணும் நேரத்திலும் கையும் கண்ணும் ஒன்றுசேர்ந்து இயங்கத் தாமதிக்கும். அந்தத் தாமதம் ஒரு நொடிதான். எந்திரத்துக்கு அந்த ஒரு நொடி போதும்.

சட்டத்தின் நிலையையும் மறைக்காமல் கூறுவோம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாவை வைத்திருப்பதும், வாங்குவதும், பயன்படுத்துவதும், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுவருவதும் குற்றங்கள். ஒரு கிலோ வரை ‘சிறு அளவு’ என்று கொள்ளப்பட்டாலும், அதற்கே ஓராண்டு வரை கடுங்காவலோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அத்திப்பள்ளியில் வாங்கிச் சட்டைப்பையில் வைத்து ஜூஜுவாடியைக் கடக்கும் இளைஞர், தம்மை அறியாமலே மாநிலம் கடத்திய குற்றத்துக்கும் உள்ளாகிறார். தெரிந்தே தம் வீட்டையோ அறையையோ இதற்கு விட்டவரும் சட்டத்துக்குத் தப்பார். ஒரு வழக்குப் பதிவானால், கடவுச்சீட்டும் வேலையும் திருமணமும் கேள்விக்குறியாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

“வடநாட்டில் பாங்குக் கடைக்கு அரசே உரிமம் தருகிறதே” என்று சிலர் வாதிடுவர். அதுவும் உண்மைதான். இலையை மட்டும் அரைத்துச் செய்யும் பாங்கு அச்சட்டத்தின் விளக்கத்துக்குள் வருவதில்லை, இராஜஸ்தான், உத்தரப்பிரதேசம் போன்ற மாநிலங்களில் உரிமக் கடைகள் உள்ளன, தமிழகத்தில் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1893–94ஆம் ஆண்டுகளில் அமைந்த ஆய்வுக் குழு ஒன்று, மிதமாகப் பயன்படுத்துவோர்க்குப் பெருங்கேடில்லை என்றும், மிகுதியாகப் பயன்படுத்துவோர்க்கே கேடு என்றும் கூறியதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் அக்குழு கண்டது ஊரும் உறவும் அளவைக் காத்த பழைய வழக்கத்தை. இன்று வாடகை அறையில், முகமறியாதவரிடம் வாங்கிய வீரியச் சரக்கைத் தனித்து உண்ணும் இளைஞருக்கு அளவு சொல்ல எந்த ஊர் இருக்கிறது? எந்த உறவு இருக்கிறது?

இவையனைத்துக்கும் மேலாகத் திருச்சபையின் போதனை ஒன்றுண்டு. மருத்துவத் தேவைக்கன்றிப் போதைப்பொருளைப் பயன்படுத்துவது உடலுக்கும் உயிருக்கும் பெருங்கேடு விளைப்பதால் அது கனமான குற்றமாகும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. 2014ஆம் ஆண்டு ஜூன் திங்களில் உரோமையில் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், ‘மெல்லிய போதை’ எனப்படுபவற்றை அனுமதிப்பதும் தீர்வாகாது என்று தெளிவுறுத்தினார். மகிழ்ச்சியைத் திருச்சபை வெறுப்பதில்லை. கானாவூர்த் திருமணத்தில் இரசம் குறைந்தபோது இறைவனின் தாய் கலங்கினாரன்றோ? தன்னை மறக்கும் மகிழ்ச்சியை அன்று; பிறரை நினைக்கும் மகிழ்ச்சியையே அவள் நமக்குக் கற்பிக்கிறாள்.

பெற்றோரே, இனி உங்களிடம் பேசுகிறோம். நம் குடும்பங்களில் போதையைவிடப் பெரிய பகை ஒன்று உண்டு. அது ‘மானம்’ என்ற பெயரில் மூடிமறைக்கும் வழக்கம். பிள்ளை தடுமாறிய நிலையில் வீடு திரும்பினால், அந்நேரத்தில் அடிப்பதும் ஏசுவதும் வேண்டா. தனியே விடாதீர், வண்டி ஓட்ட விடாதீர், வாந்தி எடுக்க வைக்க முயலாதீர், அமைதியாக அருகிலிருங்கள். நெஞ்சுவலியோ, வலிப்போ, நினைவிழத்தலோ கண்டால் உடனே 108க்கு அழையுங்கள். உண்டது சிறு குழந்தையாயின் எவ்வித அறிகுறிக்கும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். என்ன உண்டது என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். வெட்கத்தால் சொல்லாமல் விட்டதால் நேரும் இழப்பு, சொன்னதால் வரும் தலைகுனிவைவிடப் பெரிது.

பழக்கம் முற்றிவிட்டதென்று அறிந்தால், மைய அரசின் கட்டணமில்லா உதவி எண் 14446 இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்கெனவே தனிப் பிரிவு உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் உதவி கிடைக்கும். முன்பு சொன்ன அதே சட்டத்தில் பலரும் அறியாத இரக்கமும் இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு உள்ளான அடிமைப்பட்டவர், தாமாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், அவ்வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கும்போது, பெற்ற மனம் அடைத்துக்கொள்ளலாமா?

நவம்பர் முதல் நாள் நாம் வணங்கும் புனிதர் கூட்டத்தில் போதைக்கு அடிமையாயிருந்த ஒருவரும் இருக்கிறார். சீன நாட்டு மருத்துவரான மார்க்கு ஜி தியன்சியாங் வயிற்று நோய்க்கு மருந்தாக அபினை உட்கொண்டு, அதற்கு அடிமையானார். விட முயன்று முயன்று தோற்றார். அது நோய் என்பதை அறியாத அக்காலத்தில், மனந்திரும்பாதவர் என்று கருதப்பட்டு 30 ஆண்டுகள் திருவிருந்து மறுக்கப்பட்டார். ஆயினும் ஆலயத்துக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. 1900ஆம் ஆண்டு நடந்த வேதகலாபனையில் குடும்பத்தார் பலரோடு பிடிபட்டபோது, தம்மவருள் எவரும் தனியே சாகலாகாது என்று தம்மைக் கடைசியாகக் கொல்லுமாறு வேண்டினார். தேவதாயின் பிரார்த்தனையைப் பாடியவாறே உயிர் துறந்தார். 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். விழுந்தும் வாயிலை விட்டு அகலாதவருக்கு விண்ணகத்தில் இடமுண்டு. அத்தகையவர் நம் வீட்டில் இருந்தால், அவரை வாயிலுக்கு வெளியே நிறுத்த நமக்கு உரிமையில்லை.

ஆகவே இவ்வாண்டு அந்த இரவை நம் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டா. அதன் பொருளைத் திருப்பிக் கொடுப்போம். பாரிஸ் மறைமாவட்டத்தில் 2002ஆம் ஆண்டு தொடங்கிய முறைப்படி, பல நாடுகளில் இன்று சிறுவர்கள் பேய் வேடத்துக்கு மாறாகப் புனிதர் வேடம் புனைந்து பவனி வருகின்றனர். நம் பங்குகளிலும் இது எளிதே. சிறியோர் புனிதர்களாக வரட்டும். இளைஞர் பாடலுக்கும் விருந்துக்கும் பொறுப்பேற்கட்டும். பாட்டியும் தாத்தாவும் குடும்பத்தில் இறந்தோரின் பெயர்களையும் கதைகளையும் சொல்லட்டும். வாடகை அறைகளில் தனித்திருக்கும் வெளியூர்த் தொழிலாளரையும் அழையுங்கள். தனிமைதான் பல வேளைகளில் முதற்பொட்டலத்தை வாங்க வைக்கிறது. நவம்பர் 2ஆம் நாள் ஷிப்டு முடிந்து மாலையிலேனும் கல்லறைத் தோட்டத்துக்குக் குடும்பமாகச் செல்லுங்கள். ஓசூரின் ரோஜாவும் இராயக்கோட்டைப் பக்கத்துச் செண்டுமல்லியும் நம் அருகிலேயே பூக்கின்றன. ஒரு பிடி பூவும் ஒரு மெழுகுவர்த்தியும் போதும்.

அங்கே விளக்கேற்றும் நேரத்தில், தம் பாட்டனின் கல்லறையருகே தெளிந்த கண்களோடு நிற்கும் இளைஞரிடம் மெல்லக் கேளுங்கள்: “என்னப்பா, உன் மனத்தில் ஏதேனும் பாரம் உண்டா?” அவர் சொல்வதை இடைமறிக்காமல் கேளுங்கள். திருவிழிப்பு என்பது இதுவே. விழித்திருக்கும் இல்லங்களை ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக!