மந்தைக்கு ஒரு வழி

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி செல்லும் சாலையில், திருவரங்குளத்துக்கு அருகே ஒரு நாள் நமது வண்டி நின்றது. ரிப்பேர் ஒன்றுமில்லை. சுமார் முந்நூறு செம்மறியாடுகள் சாலையைக் கடந்துகொண்டிருந்தன. உடன் வந்த பட்டணத்து நண்பர் கடிகாரத்தைப் பார்த்து, "இந்த மனிதர்களுக்கு ஊர் சுற்றுவதைத் தவிர வேறு வேலையே கிடையாதா?" என்று சலித்துக்கொண்டார். அவருக்குச் சொன்ன பதிலை நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

அது ஊர் சுற்றல் அல்ல. ஒப்பந்தப்படி நடக்கும் உத்தியோகம். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து கீதாரிகள் தங்கள் மந்தைகளைப் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களுக்கு ஓட்டி வருகிறார்கள். பகலெல்லாம் அறுத்த தாளிலும் தரிசிலும் மேய்ந்த ஆடுகளை இரவில் ஒரு குடியானவரின் வயலில் கிடை போடுகிறார்கள். பிறகு கிடை அடுத்த இடத்துக்கு நகர்கிறது. புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு எரு. கிடைக்கூலி கீதாரிக்கு வரும்படி. "ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்" என்று குடியானவர்கள் சொல்வது இந்த எருவின் வேகத்தை அறிந்துதான். வண்டி வாடகையின்றித் தானே நடந்து வயலுக்கு வந்து சேரும் உரம் வேறு எது?

இந்த ஏற்பாடு நிலைக்க வேண்டுமானால், ஊருக்கும் ஊருக்கும் இடையே புல்லும் நிழலும் தண்ணீரும் உள்ள பொதுநிலம் வேண்டும். அதுதான் குறைந்து வருகிறது. புதுக்கோட்டை தனி ஜில்லாவான அதே 1974-ல் தமிழ்நாடு வனத் தோட்டக் கழகமும் ஏற்பட்டது. இந்த ஜில்லாவின் வன நிலங்களில் தைலமரத் தோப்புகள் பெரும் பரப்பில் பரவின. தைலமரத்து இலையை ஆடு கடிப்பதில்லை. குளங்களுக்கு வரவேண்டிய மழைநீரும் தோப்புகளால் தடைபடுகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. காகித ஆலைகளுக்குப் போகும் மரம் அது. ஆகவே பத்திரிகை எழுதிப் பிழைக்கும் நமக்கும் இந்தக் குற்றத்தில் ஒரு பங்கு இருக்கலாம்.

இந்த வழக்கு நமது தேசத்துக்கு மட்டும் உரியதல்ல. ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்து மாஸாய் ஜனங்கள் மழையைத் தொடர்ந்து மாடு ஓட்டுகிறவர்கள். கோடைக்கென்று ஒரு புல்வெளியை ஒதுக்கி வைத்து, அதில் எப்போது மேய்ப்பது என்பதைப் பெரியவர்கள் கூடித் தீர்மானிப்பது அவர்கள் மரபு. பிரிட்டிஷார் 1904-லும் 1911-லும் ஒப்பந்தம் என்ற பெயரால், வெள்ளைக்காரக் குடியேறிகளுக்காக, அவர்களைச் செழிப்பான நிலங்களிலிருந்து அகற்றினார்கள். ஆயினும் மாரா பிரதேசத்தில் இன்று பல மாஸாய் குடும்பங்கள் துண்டு துண்டான நிலங்களை ஒன்றுசேர்த்து, வனவிலங்கு காண வருவோருக்கு விடுதி நடத்துபவர்களிடம் குத்தகைக்கு விடுகின்றன. அதே நிலத்தில் முறைவைத்து மாடும் மேய்க்கின்றன. பட்டா இல்லாதவருக்கு அதில் பங்கு கிடைப்பது அரிது என்ற குறை உண்டு. ஆனாலும், மேய்ப்பவனைத் துரத்தாமலே நிலத்தையும் காக்கலாம் என்பதற்கு அது சாட்சியாக நிற்கிறது.

நமது நாட்டிலும் 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், நாடோடி மேய்ப்பர்கள் பருவந்தோறும் வந்து மேய்க்கும் உரிமையைக் குறிப்பிடுகிறது. ஐக்கிய நாடுகள் சபை 2026-ஆம் வருஷத்தையே மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய சர்வதேச வருஷமாக அறிவித்தது. சட்டமும் அறிவிப்பும் காகிதத்தில் இருக்கின்றன. மந்தைக்கு வேண்டியதோ தரையில் ஒரு வழி.

திருவரங்குளம் போன்ற ஊர்களுக்காக நாம் கோருவது பெரிய திட்டம் ஒன்றுமல்ல. தைலமரம் வெட்டப்படும் இடங்களில் ஒரு பகுதியிலாவது நாட்டு மரமும் புல்லும் வளரட்டும். மந்தைப் பாதையும் மேய்ச்சல் புறம்போக்கும் கிராம சபையின் முன்னிலையில் அளந்து குறிக்கப்படட்டும். இவ்வருஷம் எந்தப் பக்கம் மேய்வது, எந்தப் பக்கத்துக்கு ஓய்வு கொடுப்பது என்பதைக் குடியானவரும் கீதாரியும் சேர்ந்து முடிவு செய்யட்டும். வெளியூர்க்காரர் என்று கீதாரியை விலக்கிவிட்டால், எருவும் அவரோடு போய்விடும்.

சென்னையில் மந்தைவெளி என்று ஒரு பேட்டை இருக்கிறது. அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. திருவரங்குளத்துப் பக்கத்தில் இன்னும் இரண்டும் இருக்கின்றன. பெயர் மட்டும் மிஞ்சும் காலம் அங்கும் வருமுன் ஆவன செய்யவேண்டும்.