மணி அடிச்சப்புறம் எரிச்சது யார் தப்பு?

டிஸ்கி: கேம் ஆஃப் த்ரோன்ஸ் இன்னும் பாக்காத புண்ணியவான்கள் யாராவது இருந்தா இத்தோட நிறுத்திக்கோங்க. கதை முடிவு மொத்தமும் இந்தப் பதிவுல இருக்கு. அப்புறம் பின்னூட்டத்துல வந்து என்னைத் திட்டக்கூடாது, சொல்லிட்டேன்.

ஆணி அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. (யாரும் தேடலைங்கறது வேற விஷயம்.) போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல நடந்த ஒரு சண்டைதான் மறுபடி எழுத வெச்சிருக்கு.

எங்க டீம்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் இப்பத்தான் முதல் தடவையா கேம் ஆஃப் த்ரோன்ஸ் எட்டு சீசனையும் ஒரே மூச்சுல பாத்து முடிச்சிருக்கான். தட்டுல சாம்பார் சாதம் ஆறிப்போற அளவுக்குப் புலம்பல். "ஏண்ணே, அந்தப் பொண்ணு போய் ஊரையே எரிக்குமா?" எதிர்ல உக்காந்திருந்த சீனியர் ஒருத்தர் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே, "நாவல் படிச்சிருந்தா இப்படிக் கேக்க மாட்ட தம்பி"ன்னார். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா 2019ல அதே வசனத்தை அதே தோரணையில சொன்னவன் நான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2019 மே மாசம், இன்ஜினியரிங் கடைசி செமஸ்டர் முடியற நேரம். அமெரிக்காவுல ஞாயித்துக்கிழமை ராத்திரி வர்ற எபிசோட் நமக்குத் திங்கட்கிழமை காலையில. காலேஜுக்கு எட்டு மணிக்கு எழுந்திரிக்காத பசங்க, டேனேரிஸுக்காக விடியக்காலையில பல்லு கூட வெளக்காம லேப்டாப் முன்னாடி உக்காந்திருப்போம். என் ரூம் மேட் தீவிர டேனேரிஸ் ரசிகன். நாவல் பக்கமே போனதில்லை. நான் மூணாவது வருஷத்துலயே அஞ்சு நாவலையும் முடிச்சவன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

மே 13ஆம் தேதி. கடைசிக்கு முந்தின எபிசோட். நகரம் சரணடைஞ்சு மணி அடிக்குது. டேனேரிஸ் டிராகன் மேல உக்காந்து பாக்கறா. அப்புறம் குழந்தை குட்டியோட ஊரையே கொளுத்தறா. ரூம் மேட் ஒரு வார்த்தை பேசலை. நான் ஆரம்பிச்சேன்: "நாவல்ல ஆரம்பத்துலேர்ந்தே இதுக்கு அறிகுறி இருக்குடா. படிச்சவனுக்குத் தெரியும்."

அவன் கேட்டான். "அஞ்சு புக்ல எந்தப் புக்ல அவ ஊரை எரிக்கறா?"

"இன்னும் வரலை மச்சி. அது ஏழாவது புக்ல வரும்."

"ஆறாவது?"

"அதுவும் வரலை."

"அப்ப வராத புக்கைப் படிச்சுட்டா என்னை முட்டாள்ங்கறே?"

அத்தோட சரி. கடைசி எபிசோடை வேற வேற ரூம்ல உக்காந்து பாத்தோம். ஹாஸ்டலைக் காலி பண்ணினப்ப கூட சரியாப் பேசிக்கலை. நாலு வருஷம் ஒரே ரூம்ல இருந்தவங்க. சின்னப்புள்ளத்தனம்தான். ஆனா அவன் கேள்விக்கு என்கிட்ட இன்னும் முழு பதில் இல்லை. இந்தப் பதிவு அதுக்கான முயற்சி.

முதல்ல நாவல் கோஷ்டி மேல என் புகார். (நானும் அதே கோஷ்டிங்கறதால உள்குத்து எதுவும் கிடையாது.) ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் முதல் நாவலை வெளியிட்டது 1996ல. ரெண்டாவது 1998, மூணாவது 2000, நாலாவது 2005. அஞ்சாவது 2011 ஜூலையில, அதாவது டிவில முதல் சீசன் முடிஞ்சு சில வாரத்துல. அதுக்கப்புறம் இதுவரைக்கும் ஆறாவது வரலை. நாலாவதும் அஞ்சாவதும் ஒரே புக்கா வந்திருக்க வேண்டியது. கதை பெருத்துப்போய், ஆளுங்களைப் பாதிப் பாதியாப் பிரிச்சு ரெண்டாக்கினார். கதை நடுவுல அஞ்சு வருஷம் தாண்டிக் குதிக்கலாம்னு போட்ட திட்டத்தையும் கைவிட்டார். எழுதினவருக்கே இன்னும் அவிழாத முடிச்சு அது.

ஆக, நாம ஒப்பிடறது எதை எதோட? எடுத்து முடிச்ச ஒரு சீரியலை, இன்னும் எழுதாத ஒரு நாவலோட. நம்ம மனசுல இருக்கற நாவல்ல ஓட்டையே இருக்காது. ஏன்னா அது மனசுல இருக்கு. பொட்டி தட்டுற எல்லாருக்கும் தெரியும், இன்னும் ஒரு வரி கூட எழுதாத கோடுலதான் பக் இருக்கவே இருக்காது :-)

இன்னொண்ணு, மாத்தினாலே கெட்டுப்போச்சுங்கற வாதம். இது சுத்தப் பேத்தல். முதல் சீசன்ல ராஜா ராபர்ட்டும் செர்சியும் தனியா உக்காந்து, ஒயின் குடிச்சுக்கிட்டே செத்துப்போன தங்களோட கல்யாணத்தைப் பத்திப் பேசிச் சிரிக்கற காட்சி நாவல்ல கிடையாது. ரெண்டாவது சீசன்ல ஹாரன்ஹால் கோட்டையில டைவின் லானிஸ்டருக்கு ஆர்யா ஒயின் ஊத்திக் கொடுக்கற காட்சிகளும் கிடையாது. நாவல்ல அவ அங்க வேலை பாக்கறது ரூஸ் போல்டனுக்கு. அஞ்சாவது சீசன்ல பிணங்கள் எழுந்து நிக்கற ஹார்ட்ஹோம் காட்சி பாத்துப் புல்லரிச்சுதே, அந்த ஊர் விவகாரம் நாவல்ல கடிதம் வழியாத்தான் தெரியவருது. நாம தூக்கி வெச்சுக் கொண்டாடற காட்சிகள்ல பாதி டேவிட் பெனியாஃபும் டி.பி. வைஸும் மாத்தினதாலதான் கிடைச்சுது.

அப்ப எங்க கோட்டை விட்டாங்க?

எங்க தொழில்ல ஒரு பாடம் உண்டு. புரோகிராம் விழுந்து நொறுங்கற வரி வேற, தப்பு உக்காந்திருக்கற வரி வேற. எட்டாவது சீசன்ல நொறுங்கிச்சுன்னு எட்டாவது சீசனையே எல்லாரும் மொத்தறாங்க. என் கணக்குல அந்த பக் 2014 ஜூன் மாசமே உள்ள வந்துடுச்சு. நாலாவது சீசனோட கடைசி எபிசோட்.

டிரியன் சிறையில இருக்கான். அண்ணன் ஜேமி வந்து விடுவிக்கறான். டிவில ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சுக் கலங்கிப் பிரியறாங்க. அப்புறம் டிரியன் நேரா தப்பிக்காம அப்பா ரூமுக்கு ஏறிப்போறான். ஏன் போறான்? டிவி மட்டும் பாத்தவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, ஆளுக்கொரு பதில் வரும்.

மூணாவது நாவல்ல காரணம் இருக்கு. டிரியன் சின்ன வயசுல டைஷான்னு ஒரு ஏழைப் பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கறான். அவ காசுக்கு ஏற்பாடு பண்ணின பொண்ணுன்னு அவனை நம்ப வெச்சு, அவன் கண்ணு முன்னாடியே அவளைச் சீரழிக்கறாங்க. இது வரைக்கும் டிவியிலயும் முதல் சீசன்ல டிரியன் வாயால சொல்லுவான். நாவல்ல சிறையிலேர்ந்து விடுவிக்கறப்ப ஜேமி உண்மையைச் சொல்றான்: அவ நிஜமாவே உன்னை நேசிச்சவ, அப்பா சொன்னதால நான் பொய் சொன்னேன். அந்த நிமிஷம் டிரியனுக்கு அண்ணனும் இல்லை, அப்பாவும் இல்லை. கொலை பண்ண ஏறிப்போறவனுக்குக் காரணம் கையில இருக்கு. அதுக்கப்புறம் அவன் நகைச்சுவைத் துணுக்கு சொல்ற நல்லவன் கிடையாது. எதையாவது எரிக்கணும்னு அலையற மனுஷன். அந்த மனுஷன்தான் டிராகன் வெச்சிருக்கற பொண்ணைத் தேடிப் போறான்.

அந்த ஒரு உரையாடலை டிவில எடுத்துட்டாங்க. அப்போதைக்கு ஒண்ணும் தெரியலை. டெஸ்டிங் பாஸ். ஆனா மூணு சீசன் கழிச்சுப் பாருங்க. டேனேரிஸ் பக்கத்துல மந்திரியா நிக்கற டிரியன் கொடுக்கற யோசனை எல்லாம் புஸ்வாணம். ஏழாவது சீசன்ல காஸ்டர்லி ராக் கோட்டையைப் பிடின்னு அனுப்பறான், எதிரிப் படை வேற ஊருக்குப் போயிடுச்சு. எட்டாவதுல செர்சியை நம்பச் சொல்றான், அதுவும் போச்சு. கோபம் இருந்த ஆளுகிட்டேர்ந்து கோபத்தை எடுத்துட்டா மிச்சம் என்ன? அசடு.

ரெண்டாவது, ஏகான். அஞ்சாவது நாவல்ல, செத்துட்டதா எல்லாரும் நினைச்ச இளவரசன்னு சொல்லிக்கிட்டு ஒரு பையன் கோல்டன் கம்பெனி படையோட வந்து இறங்கறான். வேரிஸ் இத்தனை வருஷமா யாருக்காகக் காய் நகர்த்தினான்ங்கறதுக்கு அங்க விடை கிடைக்குது. டேனேரிஸ் வந்து சேர்றதுக்குள்ள அவளோட இடத்துல இன்னொருத்தனை ஜனங்க ஏத்துக்கிட்டிருப்பாங்களோங்கற பயம் படிக்கறப்பவே வந்துடும். டிவில அந்தப் பையனே இல்லை. கோல்டன் கம்பெனி மட்டும் எட்டாவது சீசன்ல செர்சிக்குக் கூலிப்படையா வந்து, யானையும் இல்லாம, சில நிமிஷத்துல சாம்பலாச்சு. அவன் சுமக்க வேண்டிய பாரம் பதவியே வேணாம்னு நிக்கற ஜான் ஸ்னோ தலையில விழுந்துது.

என் ரூம் மேட்டோட கேள்விக்கு இப்ப வரேன். டேனேரிஸுக்குள்ள நெருப்பு ஆரம்பத்துலேர்ந்தே இருந்துது, இதுல நான் சொன்னது சரிதான். மீரீன் நகரத்துக்குப் போற வழியில 163 அடிமைக் குழந்தைகளை அறைஞ்சு வெச்சதுக்குப் பதிலா 163 எஜமானர்களை அவ அறையறப்ப நாம கைதட்டினோம். அந்தக் கைதட்டல்தான் கண்ணி. மெல்ல மெல்ல, நாம எதுக்குக் கைதட்டறோம்னு நமக்கே கூச்சம் வர்ற மாதிரி அவளைக் கொண்டு போயிருந்தா, மணி அடிச்சப்ப நமக்கு வந்திருக்க வேண்டியது அதிர்ச்சி இல்லை, குற்ற உணர்ச்சி. அதுக்கு நேரம் வேணும். கடைசி ரெண்டு சீசனும் சேர்த்து 13 எபிசோட்தான். இன்னும் எடுக்க எச்பிஓ தயாரா இருந்தும், இது போதும்னு முடிவெடுத்தது தயாரிச்சவங்களேதான். ஜோரா, ரேகல், மிஸான்டே மூணு பேரையும் ரெண்டே எபிசோட்ல காலி பண்ணி, மூணாவது எபிசோட்ல ஊரை எரிக்க வெச்சா, ஏதோ கணக்கைச் சரி பண்ணின மாதிரி இருக்கு. விடை சரியா இருக்கலாம். வழிமுறை எழுதாம விடை மட்டும் போட்டா நம்ம ஊர்ல எந்த வாத்தியார் மார்க் போட்டிருக்கார்?

இது என் கற்பனை மட்டும் இல்லை. 2024 செப்டம்பர்ல மார்ட்டினே தன்னோட பக்கத்துல இதே மாதிரி ஒரு குறையை எழுதினார், ஹவுஸ் ஆஃப் த டிராகன் பத்தி. 2018ல வந்த அவரோட ஃபயர் அண்ட் பிளட் புக்ல ராணி ஹெலேனா ரெண்டு மகன்கள்ல யார் சாகணும்னு தேர்ந்தெடுக்க வேண்டிய கொடூரம் ஒண்ணு வரும். டிவில சின்ன மகன் மேலோர் இல்லவே இல்லை. ரெண்டு வயசுக் குழந்தைதானே, போனா என்னன்னு தோணும். ஆனா அவனை எடுத்தா அந்தக் காட்சி பலமிழக்குது, பின்னால அவனோட சாவு போகுது, அதைத் தொட்டு வர்ற அம்மாவோட முடிவுக்குக் காரணம் போகுதுன்னு வரிசையா எழுதியிருந்தார். கொஞ்ச நேரத்துல அந்தப் பதிவைத் தூக்கிட்டாங்க. பதிவு எழுதிட்டு டெலிட் பண்ற வியாதி நமக்கு மட்டும் இல்லை போல :-)

நிற்க. டிவி கோஷ்டியும் ஒண்ணும் சாதாரணப்பட்டவங்க இல்லை. எட்டாவது சீசனை வேற ஆளை வெச்சு மறுபடி எடுங்கன்னு 2019ல பத்து லட்சத்துக்கும் மேல கையெழுத்து போட்டாங்க. அந்த விண்டர்ஃபெல் சண்டையை 55 ராத்திரி குளிர்ல நின்னு எடுத்திருக்காங்க. (திரையில ஒண்ணுமே தெரியலைங்கறது தனி சோகம்.) எழுத்துல கோட்டை விட்டதுக்கு லைட் பிடிச்சவரும் உடை தைச்சவரும் என்ன பண்ணுவாங்க? நாம எழுதின கோடுல ஒரு பக் இருக்குன்னு மொத்த டீமையும் மாத்துங்கன்னு கிளையன்ட் சொன்னா எப்படி இருக்கும்? அவ்வ்வ்வ்.

என் கட்சி இவ்வளவுதான். நாவலை மாத்தறது தப்பே இல்லை. ஆனா ஒரு காரணத்தை எடுத்தா, அதோட விளைவையும் எடு. இல்லாட்டி வேற காரணம் கொண்டு வந்து வை. காரணத்தை வெட்டிட்டு விளைவை மட்டும் வெச்சுக்கிட்டா, எட்டு வருஷமா கூட வந்தவன் ஏமாந்து நிப்பான். அவனைப் பாத்து "நாவல் படி"ன்னு சொல்றது பதில் இல்லை. அவன் பாத்ததும் முழுசா ஒரு கதைதான். அதுக்கான நியாயம் அதுக்குள்ளயே இருக்கணும். அமெரிக்காவுல எத்தனையோ பேர் பொண்ணுக்குக் கலீசின்னு பேர் வெச்சாங்க. அவங்க யாரும் முட்டாள் இல்லை. காட்டினதை நம்பினவங்க, அவ்வளவுதான்.

கேன்டீன் சண்டை முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி ரூம் மேட்டுக்கு போன் பண்ணினேன். இப்ப அவனும் வேற ஒரு ஊர்ல பொட்டிதான் தட்டறான். "2019ல நீ கேட்டது சரியான கேள்விடா"ன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சான். டைஷா கதையை முழுசாச் சொன்னேன். அவன் கேட்டுட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அந்தாளு ஏன் அப்பன் ரூமுக்குப் போனான்னு எனக்குப் புரிஞ்சிருக்குமேடா, எதுக்கு நக்கலடிச்சே?"ன்னான்.

பதில் சொல்லலை. மூணாவது நாவலை அவனுக்கு அனுப்பி வெச்சேன். வந்து சேர்ந்துதான்னு கேட்டதுக்கு இப்படி மெசேஜ் வந்துது: "சேர்ந்துச்சு. பிரிக்கலை. அந்தாளை முதல்ல எழுதி முடிக்கச் சொல்லு. அப்புறம் படிக்கறேன்."

மறுத்துப் பேச வழியில்லை. உங்களுக்கு இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. கும்மி அடிக்கறவங்களுக்கும் அனுமதி உண்டு.