132 வரி வேண்டாம், நாலு வரி போதும்

பெற்றோரின் பழைய கணினிகளில் தூங்கிக் கிடக்கும் தமிழ்க் கோப்புகளை மீட்பது எங்கள் தலைமுறையின் வேலை என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பெரிய மென்பொருள் ஒன்றும் தேவையில்லை. பைத்தானில் நாலு வரி ரெஜெக்ஸும், எழுத்துக்கூட்டியாவது தமிழ் வாசிக்கத் தெரிந்த ஓர் ஆளும் போதும். இந்த இரண்டில் ஆள்தான் முக்கியம் என்பது என் கட்சி.

முதலில் பிரச்சினையைச் சொல்கிறேன். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் வீடுகளில் பல வருடங்களாகத் தமிழ் தட்டச்சு என்றால் பாமினிதான். சங்க ஆண்டு மலர், தமிழ்ப் பள்ளி வினாத்தாள், அரங்கேற்ற அழைப்பிதழ், 31ஆம் நாள் நினைவு மலர் எல்லாம் அதில்தான் வந்தன. யூனிகோடில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக் கணினிகளும் அச்சகங்களும் அதற்கு மாற நிறைய வருடங்கள் எடுத்தன.

பாமினி ஓர் எழுத்துரு மட்டுமே. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். அவற்றுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுவதுதான் அதன் வேலை. "தமிழ்" என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று கிடக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் குப்பை மாதிரித்தான் தெரியும். எழுத்துரு இருந்தாலும் தேடல் வேலை செய்யாது. என் மாமா ஒருவர் ஊர்ச் சங்க மலரைப் பல வருடம் தட்டச்சு செய்தவர். "எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு பிள்ளை, ஆனா ஒருத்தற்ற பேரையும் தேடி எடுக்க ஏலாது" என்று சொல்லித்தான் பென்டிரைவைத் தந்தார். இறந்துபோனவர்களின் பெயர்களும், இன்று இல்லாத வீடுகளின் முகவரிகளும், யார் யாருக்கு என்ன உறவு என்பதும் அதற்குள் இருக்கின்றன. தேடினால் கிடைக்காத பெயரை எங்களுக்குப் பிறகு வருகிறவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

மீட்கும் வேலை இரண்டு கட்டம். முதல் கட்டம் சுலபம்: எந்த விசைக்கு எந்தத் தமிழ் வடிவம் என்று ஓர் அகராதிப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக மாற்றுவது. சிக்கல் இரண்டாவது கட்டத்தில் வருகிறது. பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டச்சு செய்வார்கள். "கொ" என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு. யூனிகோடிலோ முதலில் க, அதன் பின்னால் ஒகரக் குறி. ஆக எழுத்துகளை இடம் மாற்ற வேண்டும்.

இதைச் சாதாரண "தேடி மாற்று" கட்டளையால் செய்தால் என்ன ஆகும்? 18 மெய்கள், கூடவே ஜ, ஷ, ஸ, ஹ நாலு. மொத்தம் 22. எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ என்று ஆறு வரிசை. 22ஐ ஆறால் பெருக்கினால் 132 வரி. நடுவில் ஒரு வரி விடுபட்டாலும் யாருக்கும் தெரியாது. எங்கோ ஒரு பக்கத்தில் ஒரு பெயர் மட்டும் உடைந்து கிடக்கும்.

ரெஜெக்ஸ் எங்கள் எல்லோரையும் விட வயது கூடியது. கென் தொம்சன் அதை வைத்து உரையில் தேடும் முறையை 1968இலேயே கட்டுரையாக வெளியிட்டுவிட்டார். பைத்தானில் அதற்கான கட்டளை "ரீ.சப்". மூன்று விஷயம் கொடுக்க வேண்டும்: எதைத் தேடுவது, எதை வைப்பது, எந்த உரையில். அந்த 132 வரியும் இப்படிச் சுருங்கும் (குறிகள் தனியாக நிற்கும் இடத்தில் திரையில் புள்ளி வட்டம் தெரியலாம், பயப்பட வேண்டாம்):

விதி 1: ெ([க-ஹ])ா → \1ொ

விதி 2: ே([க-ஹ])ா → \1ோ

விதி 3: ெ([க-ஹ])ள(?![ா-ூ்]) → \1ௌ

விதி 4: ([ெ-ை])([க-ஹ]) → \2\1

[க-ஹ] என்றால் "க முதல் ஹ வரை ஏதாவது ஓர் எழுத்து". வளைவு அடைப்பு அந்த எழுத்தைப் பிடித்து வைக்கும். \1 என்றால் "முதல் அடைப்பில் பிடித்ததை இங்கே வை". முதல் விதியை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்: "ஒற்றைக்கொம்பு, ஓர் எழுத்து, அரவு என்று வந்தால், அந்த எழுத்தை வைத்து ஒகரக் குறி போடு." முதலாம் வகுப்பில் தமிழ் ஆசிரியை சொல்லித் தந்தது இதுதானே!

மூன்றாவது விதியில்தான் ஆள் தேவைப்படுகிறார். பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் வலது பாதியும் ள என்ற எழுத்தும் ஒரே வடிவம். "மௌனம்" என்பதும் கொம்பு, ம, ள என்றுதான் தொடங்கும். "வெள்ளம்" என்பதும் கொம்பு, வ, ள என்றுதான் தொடங்கும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஔகாரமாக்கினால் வெள்ளம் உடைந்துவிடும். எது உண்மையான ள என்று எப்படித் தெரியும்? அதன் பின்னால் புள்ளியோ, அரவோ, இகர உகரக் குறிகளோ வந்தால் அது தனி எழுத்து. ஔகாரத்தின் பாதிக்கு மேல் யாரும் புள்ளி வைக்க மாட்டார்கள். கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும் உள்ள அந்த அடைப்பு சொல்வது அதைத்தான்: "பின்னால் இவை இருந்தால் தொடாதே."

அந்தப் பட்டியலில் ஏன் ெ, ே, ை இல்லை? பழைய வரிசையில் அவை அடுத்த எழுத்துக்குச் சொந்தம். தமிழ்க் கடைகளில் விற்கும் சௌசௌவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஔகாரத்தின் பாதி முடிந்தவுடனேயே இரண்டாவது ச-வின் கொம்பு வந்துவிடும். எல்லாக் குறிகளையும் பட்டியலில் போட்டிருந்தால் முதல் சௌ மாறாமல் நின்றிருக்கும். இதைக் கணினி விஞ்ஞானம் படித்தவர் என்பதால் மட்டும் ஒருவர் கண்டுபிடிக்க முடியாது. தமிழ் எழுத்தைக் கையால் எழுதிப் பழகியவருக்குத்தான் பிடிபடும். "எனக்குத் தமிழ் அவ்வளவு வராது" என்று சொல்லும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தமிழ்ப் பள்ளியில் கொம்பும் அரவும் படித்த அளவே இந்த வேலைக்குப் போதும்.

விதிகளின் வரிசையும் முக்கியம். நாலாவது விதியை முதலில் ஓடவிட்டால் கொம்பு இடம் மாறி, க-வுக்குப் பின்னால் கொம்பும் அரவும் தனித்தனியாக நிற்கும். திரையில் "கொ" மாதிரியே தெரியும். ஆனால் உள்ளே ஒகரக் குறி ஒன்றுக்குப் பதிலாக இரண்டு குறிகள். பெரும்பாலான கட்டளைகளுக்கு அவை இரண்டும் வேறு வேறு. தேடினால் கிடைக்காது. மாற்றிய கோப்பில் மறுபடி ஓடவிடவும் கூடாது. ஒழுங்காக இருந்த "கெட" என்ற சொல் "கடெ" ஆகிவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்து, மாற்றியதைப் புதிய பெயரில் சேமியுங்கள்.

ஆங்கிலப் பாடங்களில் சொல்லித் தருவதை அப்படியே நம்பவும் முடியாது. சொல்லைப் பிடிக்கப் பின்சாய்வுக்கோடும் டபிள்யூவும் போடு என்பார்கள். பைத்தானின் ரீ தொகுதியில் அது உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. "தமிழ்" என்ற சொல்லைக் கொடுத்தால் "தம", "ழ" என்று இரண்டு துண்டு கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்டில் அதே குறி தமிழ் எழுத்து எதையுமே பார்க்காது. அதற்குப் பதிலாக [ஃ-்]+ என்று எழுதுங்கள். ஆய்தம் தொடங்கிப் புள்ளி வரை என்று பொருள். எங்கள் மொழிப் பெயர்களை ஏற்காத இணையப் படிவங்கள் சிலவற்றுக்குப் பின்னால் இப்படியான ஒரு சின்ன வரிதான் இருக்கும் என்பது என் ஊகம்.

சுருக்கமாக எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலு விதியையும் ஒரே வரியில் நெரித்துத் திணிக்கலாம். நான் செய்ய மாட்டேன். ஒரு விதியை ஒரு தமிழ் வாக்கியமாக வாசிக்க முடிந்தால் அது சுருக்கம். வாசிக்க மூச்சு முட்டினால் அது வெறும் நெரிசல். ஒவ்வொரு விதிக்கும் மேலே அந்த வாக்கியத்தைக் குறிப்பாக எழுதி வையுங்கள். பைத்தான் 3இல் ஃபங்ஷனுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது தெரியுமா? "கொம்பை_மாற்று" என்று பெயர் வைத்தால் அடுத்த வருடம் திறக்கிற தம்பிக்கும் தங்கைக்கும் விளங்கும்.

"இதற்கெல்லாம் இணையத்தில் மாற்றிகள் இருக்கே" என்பீர்கள். இருக்கின்றன, நல்லவையும் உண்டு. ஆனால் இரண்டு பக்கத்துக்கு ஒட்டி எடுப்பது வேறு, பல வருட மலர்களை மாற்றுவது வேறு. பிழை எங்கே நடந்தது என்று திறந்து பார்க்க முடியாத பெட்டியிடம் குடும்பப் பெயர்களைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "ஏஐயிடம் கொடுத்தால் முடிந்தது" என்றும் சொல்வீர்கள். விதியை எழுத அதனிடம் உதவி கேளுங்கள், தப்பில்லை. ஆனால் மலர் முழுவதையும் கொடுத்து "மாற்றித் தா" என்று சொல்லாதீர்கள். அது பெயரைத் "திருத்தி"விட்டால், அசலைப் பார்த்தவர் தவிர யாருக்கும் தெரியாது. விதி அப்படிச் செய்யாது. பிழைவிட்டாலும் எல்லா இடத்திலும் ஒரே பிழையை விடும், கண்டுபிடித்துத் திருத்தலாம்.

இதை முதலில் செய்பவர்கள் நாங்கள் இல்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும் திஸ்கி என்ற பழைய குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாறியவைதான். பெரிய நூல்களுக்கு ஆட்கள் இருந்தார்கள். உங்கள் ஊர்ச் சங்க மலருக்கு உங்களை விட்டால் யார் வரப்போகிறார்கள்?

இந்த வார இறுதியில் வீட்டில் கேட்டுப் பாருங்கள், ஒரு பாமினிக் கோப்பாவது கிடைக்கும். ஒரே ஒரு பக்கத்தை எடுங்கள். ஓடவிட்ட பிறகு கொடு, கோயில், தேன், கை, மௌனம், வெள்ளம், சௌசௌ என்ற ஏழு சொல்லும் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள். எட்டாவதாக உங்கள் அம்மம்மாவின் முழுப்பெயரைச் சேருங்கள். பிறகு அவரையோ, அவர் இல்லையென்றால் அம்மாவையோ பக்கத்தில் இருத்தி, மாற்றிய பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தடக்குகிற இடத்தில் விதியைத் திருத்துங்கள்.