பள்ளிகளில் தடுப்பூசி: கட்டாயமும் இல்லை, விலக்கும் இல்லை

புது தில்லி: பள்ளியில் சேரும் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாமா, மத நம்பிக்கையைக் காரணம் காட்டி மறுக்கும் பெற்றோருக்கு விலக்கு அளிக்கலாமா என்ற சர்ச்சை அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டப்பேரவைகளையும் நீதிமன்றங்களையும் உலுக்கி வருகிறது. இந்தியாவில் இந்தச் சர்ச்சை அதே வடிவில் எழவில்லை. காரணம் எளிது. விலக்கு கேட்க வேண்டுமானால் முதலில் கட்டாயம் என்ற ஒன்று இருந்தாக வேண்டும். 1880-ம் ஆண்டின் அம்மைத் தடுப்பூசிச் சட்டம் 2001-ல் ரத்து செய்யப்பட்ட பிறகு, குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளைக் கட்டாயமாக்கும் மத்தியச் சட்டம் எதுவும் இல்லை.

சட்டம் இல்லை என்பதால் மறுப்பு இல்லை என்று ஆகிவிடாது. 2018-ன் இறுதியில் உத்தரப் பிரதேசத்தில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, மாநிலத்தின் மேற்கு மாவட்டங்களில் பல மதரஸாக்கள் சுகாதாரப் பணியாளர்களை உள்ளே விட மறுத்தன. இந்த ஊசி போட்டால் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் மலட்டுத்தன்மை ஏற்படும் என்று வாட்ஸ்அப் மூலம் பரவிய வதந்தியே காரணம். அதற்கு முந்தைய ஆண்டில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், பள்ளி ஒன்றில் ஊசி போடச் சென்ற செவிலியர் தாக்கப்பட்டார். 2017 பிப்ரவரியில் தமிழகம் உள்ளிட்ட ஐந்து மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் இதே முகாம் முதன்முதலாகத் தொடங்கியபோது, தமிழகத்தின் நகர்ப்புறத் தனியார் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் பலர் தயங்கினர். அங்கு மதம் பேசப்படவே இல்லை. வதந்தி மட்டுமே போதுமானதாக இருந்தது. முகாமின் காலத்தை அரசு நீட்டிக்க நேர்ந்தது.

ஆகவே, தடுப்பூசியை மறுப்பவர்கள் என்றாலே ஒரு குறிப்பிட்ட மதத்தினர் என்று தலைநகரில் சிலர் பேசுவது உண்மைக்குப் பொருந்தாது. இந்திய வரலாற்றில் தடுப்பூசிக்கு எதிராக மத அடிப்படையில் எழுதியவர்களில் மிகப் பெரியவர் மகாத்மா காந்தியே. பசுவின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட பொருளை மனித உடலில் ஏற்றுவது மதத்துக்கும் ஒழுக்கத்துக்கும் விரோதமானது என்று அவர் கருதினார். அம்மை நோயை சீதளா தேவியின் வருகையாகக் கண்ட வட இந்தியாவுக்கும், மாரியம்மனின் விளையாட்டாகக் கண்ட தமிழகத்துக்கும் அந்த உணர்வு அன்னியமானதல்ல. இங்கிலாந்தில் 1898-ம் ஆண்டிலேயே, மனசாட்சிக்கு விரோதம் என்று கூறும் பெற்றோருக்குச் சட்டம் விலக்கு அளித்தது. ஆட்சியாளர்கள் அந்தச் சலுகையை இந்தியாவுக்குக் கொண்டு வரவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கட்டாயத்தின் கசப்பு

சுதந்திர இந்தியாவும் கட்டாயத்தைக் கையாண்டு பார்த்திருக்கிறது. பெரியம்மை ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில், 1974, 1975-ம் ஆண்டுகளில், வட மாநிலங்களில் வீடு புகுந்து பலவந்தமாக ஊசி போட்ட நிகழ்ச்சிகள் உண்டு. 1975 மே மாதத்துக்குப் பிறகு பெரியம்மை நாட்டில் இல்லை. எனவே அந்தப் பலவந்தம் மறக்கப்பட்டது. மறக்கப்படாதது அடுத்த ஆண்டு நடந்தது. நெருக்கடி நிலையின்போது 1976-77-ல் மட்டும் 80 லட்சத்துக்கும் அதிகமானோருக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அவர்களில் எத்தனையோ பேர் வற்புறுத்தப்பட்டவர்கள். தில்லியில் துர்க்மான் கேட் பகுதியிலும் உத்தரப் பிரதேசத்தில் முசாபர்நகரிலும் நடந்தவை முஸ்லிம் மக்களின் நினைவில் ஆழமாகப் பதிந்தன.

கால் நூற்றாண்டு கழித்து, போலியோ சொட்டு மருந்துடன் அதே பகுதிகளுக்குச் சென்ற பணியாளர்களிடம் தாய்மார்கள் கேட்ட கேள்வி இதுதான்: "இதைக் கொடுத்தால் என் பிள்ளைக்குப் பின்னால் பிள்ளை பிறக்குமா?" இது மதக் கோட்பாட்டிலிருந்து பிறந்த கேள்வியல்ல. அரசின் மீது ஏற்பட்ட அச்சத்திலிருந்து பிறந்தது. இன்னொரு கேள்வியும் இருந்தது. சாலை போட வராதவர்கள், பிரசவத்துக்கு மருத்துவர் அனுப்பாதவர்கள், மலேரியா காய்ச்சலுக்கு மாத்திரை தராதவர்கள், இந்த இரண்டு சொட்டுக்கு மட்டும் மாதாமாதம் வீட்டு வாசலுக்கு வருவது ஏன்? நியாயமான சந்தேகம் என்றே கூற வேண்டும்.

2002-ல் நாட்டில் 1,600 குழந்தைகளைப் போலியோ தாக்கியது. அவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர்கள். அம்மாநில மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள முஸ்லிம்களின் குழந்தைகள், அங்கு பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் அதிகமாக இருந்தனர். சட்டம் போட்டு மிரட்டலாம் என்ற எண்ணம் அரசுக்கு அப்போது தோன்றியிருந்தால் வியப்பில்லை. அரசு அந்த வழியில் செல்லவில்லை. 2003-லிருந்து அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா இஸ்லாமியா, ஜாமியா ஹம்தர்த் ஆகியவற்றின் ஆதரவு நாடப்பட்டது. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளில் இமாம்கள் சொட்டு மருந்து நாளை அறிவித்தனர். அந்தந்தத் தெருவில் வாழும் பெண்களே பணியாளர்களாக நியமிக்கப்பட்டு, மறுத்த வீடுகளுக்கு மீண்டும் மீண்டும் சென்றனர். ஹஜ் யாத்திரை செல்பவர்கள் மூளைக் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டால்தான் சவூதி அரேபியா விசா வழங்குகிறது என்பதை மௌலவிகள் எடுத்துரைத்தபோது, மதத்தின் பெயரால் எழுப்பப்பட்ட ஆட்சேபம் வலுவிழந்தது.

பலன் உடனே கிடைத்துவிடவில்லை. 2009-ல்கூட 741 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். உலகிலேயே அதிக போலியோ நோயாளிகள் உள்ள நாடாக இந்தியா அந்த ஆண்டில் இருந்தது. ஆனால் 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமிக்குக் கண்டறியப்பட்டதே கடைசி. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் வழங்கியது. இந்த வெற்றிக்கு எந்தச் சட்டப் பிரிவும் தேவைப்படவில்லை.

கதவு திறந்தால் நுழைவார்கள்

அமெரிக்காவின் அனுபவம் வேறு. அங்கு எல்லா மாநிலங்களிலும் பள்ளிச் சேர்க்கைக்குத் தடுப்பூசி நிபந்தனை உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் மத அடிப்படையிலான விலக்கும் உண்டு. வெர்மான்ட் மாநிலம், 'தத்துவ அடிப்படையில் மறுக்கிறேன்' என்று கூறுவோருக்கு இருந்த விலக்கை 2016-ல் நீக்கியது. மத விலக்கை மட்டும் விட்டுவைத்தது. உடனே மழலையர் வகுப்பில் மத விலக்கு பெற்ற குழந்தைகளின் விகிதம் 0.5 சதவீதத்திலிருந்து 3.7 சதவீதமாக உயர்ந்தது. ஓராண்டுக்குள் அந்த மாநில மக்களின் பக்தி ஏழு மடங்கு பெருகிவிட்டது என்று யாரும் நம்பப் போவதில்லை. ஒரு கதவு மூடப்பட்டதும் திறந்திருந்த மறு கதவின் வழியே நுழைந்தார்கள். நியூயார்க் மாநிலம் 2019-ல் மத விலக்கையே அகற்றியது. 2025-ல் டெக்சாஸ் மாநிலத்தில் 762 பேரைத் தாக்கி, இரண்டு குழந்தைகளைப் பலிகொண்ட தட்டம்மை, மென்னோனைட் கிறிஸ்தவர்கள் திரளாக வாழும் கெயின்ஸ் மாவட்டத்தில்தான் முதலில் பரவியது. தடுப்பூசி கூடாது என்று அவர்களது சமயக் கோட்பாடு கூறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இந்திய அரசியல் சட்டத்தில் இப்படியொரு கதவுக்கு இடம் குறைவு. மதச் சுதந்திரத்தை வழங்கும் 25-வது பிரிவு, தனது முதல் வரியிலேயே அந்த உரிமையைப் பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்படுத்தி விடுகிறது. எனவே இங்கு தடுப்பூசியை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்கள் மதத்தைக் கொண்டு செல்லவில்லை. சம்மதத்தைக் கொண்டு சென்றார்கள்.

தில்லி உயர் நீதிமன்றம் 2019 ஜனவரி 22-ல் வழங்கிய தீர்ப்பு இந்த வகையில் முக்கியமானது. தலைநகரின் பள்ளிகளில் தட்டம்மை - ரூபெல்லா ஊசி போட தில்லி அரசு ஏற்பாடு செய்தபோது, பெற்றோரின் வெளிப்படையான சம்மதம் கேட்கப்படவில்லை. பெற்றோர் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் சம்மதம் என்று கொள்ளலாம் என்பதை நீதிபதி விபு பாக்ரு ஏற்கவில்லை. ஊசியின் பக்க விளைவுகளையும், யாருக்குப் போடக் கூடாது என்பதையும் விளம்பரங்களில் குறிப்பிட வேண்டும் என்று அவர் உத்தரவிட்டார். அவற்றைக் குறிப்பிட்டால் பெற்றோர் பின்வாங்கி விடுவார்கள் என்ற வாதமும் நிராகரிக்கப்பட்டது. உண்மையைச் சொன்னால் மக்கள் ஓடிவிடுவார்கள் என்று ஓர் அரசே அஞ்சுமானால், வதந்திக்கு வேறு உரம் தேவையில்லை.

2022 மே 2-ல் கோவிட் தடுப்பூசி வழக்கில், நீதிபதிகள் எல். நாகேஸ்வர ராவ், பி.ஆர். கவாய் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவின்படி எவரையும் ஊசி போட்டுக்கொள்ளுமாறு வற்புறுத்த முடியாது என்று கூறியது. அதேவேளையில், பொது சுகாதாரத்தின் பொருட்டு அளவுக்கு மிகாத கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்ற வாசலையும் அடைக்கவில்லை. பள்ளித் தடுப்பூசி நிபந்தனையை நாளை ஒரு மாநிலம் கொண்டு வந்தால், வழக்கு இந்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையில்தான் நடக்கும்.

அப்படியொரு யோசனை எழாமலும் இல்லை. மலப்புரத்தில் 2015-லும் 2016-லும் தொண்டை அடைப்பான் நோய் மீண்டும் தலைகாட்டி மாணவர்களைப் பலிகொண்டது. எழுத்தறிவில் முன்னணியில் நிற்கும் மாநிலத்துக்கு இது பெரும் தலைகுனிவு. 2019-ல் கேரள அரசு ஏற்ற சுகாதாரக் கொள்கை, பள்ளிச் சேர்க்கைக்குத் தடுப்பூசி விவரத்தை அவசியமாக்க வேண்டும் என்றது. ஆனால் ஊசி போடாத குழந்தையை வாசலிலேயே திருப்பி அனுப்ப முடியுமா? ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாய இலவசக் கல்வி அடிப்படை உரிமை. வயதுச் சான்று இல்லை என்பதற்காகக்கூடச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம்.

இதில் நியாயப் பிரச்சினை ஒன்றும் அடங்கியுள்ளது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2024-ல் இந்தியாவில் ஒரு தடுப்பூசிகூடப் போடப்படாத குழந்தைகள் சுமார் 9 லட்சம் பேர். முந்தைய ஆண்டில் இந்த எண்ணிக்கை 16 லட்சம். இவர்களின் பெற்றோர் அனைவரும் மறுத்தவர்கள் அல்லர். செங்கல் சூளைக்கும் கட்டுமானப் பணிக்கும் ஊர் ஊராகச் செல்லும் கூலித் தொழிலாளர்கள், நகரக் குடிசைவாசிகள் ஆகியோரின் பிள்ளைகள் இவர்களில் கணிசமானோர். ஊசி அவர்களைத் தேடி வரவில்லை. அந்தக் குழந்தைக்குப் பள்ளியையும் மறுத்தால், அரசு செய்யத் தவறியதற்காகக் குழந்தையைத் தண்டித்ததாகும். வசதி படைத்த பெற்றோருக்கோ தனியார் மருத்துவரிடம் ஒரு சான்றிதழ் வாங்குவது சிரமமல்ல.

பள்ளியில் விவரம் கேட்பது வேறு. விவரம் இல்லையென்றால் விரட்டுவது வேறு. சேர்க்கையின்போது விடுபட்ட ஊசிகளைக் குறித்துக்கொண்டு, பெற்றோரிடம் விளக்கி, எழுத்து மூலமாகச் சம்மதம் பெற்று, அதே வளாகத்தில் போட்டு முடிப்பதற்கு எந்த நீதிமன்றமும் தடை விதிக்கவில்லை.

2022 நவம்பரில் மும்பையில் தட்டம்மை பரவி குழந்தைகள் உயிரிழந்தபோது, ராஞ்சி, ஆமதாபாத், மலப்புரம் ஆகிய இடங்களுக்கும் மத்தியக் குழுக்கள் விரைந்தன. 2023-க்குள் தட்டம்மையையும் ரூபெல்லாவையும் ஒழிப்பது என்ற இலக்கு தவறியது. 2025 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சர் ஜே.பி. நட்டா புதிய இயக்கத்தைத் தொடங்கி வைத்து, 2026 என்று இலக்கைத் திருத்தினார். முதல் தவணை 93.7 சதவீதம், இரண்டாம் தவணை 92.2 சதவீதம் குழந்தைகளுக்குப் போடப்பட்டுள்ளதாக அமைச்சகம் அப்போது தெரிவித்தது. நோய் பரவாமல் தடுக்க இரண்டு தவணைகளிலும் 95 சதவீதம் தேவை. எஞ்சியிருக்கும் அந்த இரண்டு, மூன்று சதவீதத்தினர் நாடெங்கும் சீராகப் பரவி வாழ்பவர்கள் அல்லர். ஒரே தெருவில், ஒரே பேட்டையில், ஒரே மதரஸாவில் திரளாக இருப்பவர்கள்.