பீடிக்கு மட்டும் ஏன் சலுகை?

2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டை 40 விழுக்காட்டு வரி அடுக்கில் வைத்தது. அதே கூட்டத்தில் பீடிக்கான வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகவும், பீடி இலைக்கான வரியை 18-லிருந்து 5 ஆகவும் குறைக்க முடிவெடுத்தது. குடிப்பவரும் ஏழை, சுற்றுபவரும் ஏழை என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். இரக்கப்படுவதில் தவறில்லை. ஆனால் இந்த இரக்கம் இருவரில் ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை.

2016-17இல் எடுக்கப்பட்ட தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயதுவந்தோரில் 7.7 விழுக்காட்டினர் பீடி குடிக்கிறார்கள். சிகரெட் பிடிப்பவர்கள் 4 விழுக்காட்டினர்தான். புகைப்பழக்கத்தை ஒழிக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு பீடியைத் தொடாமல் விடுவது, பெரிய பாதியை அப்படியே விட்டுவைப்பதாகும். காகிதமும் ரசாயனமும் இல்லாத வெறும் இலைதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்றொரு நம்பிக்கை கிராமங்களில் மட்டுமல்ல, படித்தவர்களிடமும் உண்டு. உண்மை நேர்மாறானது. பீடிப் புகையில் நிகோடின், தார், கார்பன் மோனாக்சைடு மூன்றும் சிகரெட் புகையைவிட அதிகம். பீடி அணைந்து போகாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் நுரையீரலுக்குள் போகும் புகையும் கூடுகிறது. பொட்டலத்தின் மேல் 85 விழுக்காட்டு இடத்தை அடைக்கும் எச்சரிக்கைப் படம், பெட்டிக்கடையில் உதிரியாக வாங்குபவரின் கண்ணில் படுவதே இல்லை. விலை மட்டும் எல்லோரையும் எட்டும். நம்மைப் போன்ற நாடுகளில் விலை 10 விழுக்காடு உயர்ந்தால் நுகர்வு ஏறக்குறைய 5 விழுக்காடு குறைகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். முதலில் குறைத்துக்கொள்பவர்கள் ஏழைகளும் இளைஞர்களும்தான்.

தென்காசி, திருநெல்வேலி, வேலூர் பக்கம் இலையும் தூளும் வாங்கிவந்து வீட்டுத் திண்ணையில் சுற்றும் பெண்களின் கதி என்ன என்ற கேள்வி நியாயமானது, எளிதில் தள்ளிவிட முடியாதது. ஆனால் அவர்களுக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கிடைக்கிறது. வரி குறைந்தால் கூலி தானாக ஏறிவிடாது. மாறாக, அவர்களுக்கு ஏதாவது கிடைத்தது வரியால்தான். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடி மீது வசூலித்த மேல்வரியிலிருந்தே பீடித் தொழிலாளர் நல நிதி உருவானது. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் மருத்துவ உதவியும் அதிலிருந்து வந்தன. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த மேல்வரி எடுக்கப்பட்டது. அப்போது இந்தப் பெண்களுக்காக இரங்கியவர்கள் குறைவு. நாள் முழுக்கப் புகையிலைத் தூளைச் சுவாசிக்கும் ஒரு வேலையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றித் தருவது உதவியும் அல்ல. பிலிப்பைன்ஸ் 2012இல் சட்டம் கொண்டுவந்து புகையிலை வரியைக் கடுமையாக உயர்த்தியது. கூடுதல் வருவாயில் பெரும்பங்கு ஏழைகளின் மருத்துவக் காப்பீட்டுக்கும், ஒரு பங்கு புகையிலை விளையும் மாகாணங்களுக்கும் போனது. அங்கே 2009இல் 29.7 விழுக்காடாக இருந்த புகையிலைப் பழக்கம் 2015இல் 23.8 ஆக இறங்கியது.

பெயர் இல்லாத சிறு தயாரிப்பாளர்கள் வரி வலையில் சிக்க மாட்டார்கள் என்பார்கள். அது பதிவையும் கண்காணிப்பையும் இறுக்க வேண்டும் என்பதற்கான காரணம். வரியைக் குறைப்பதற்கான காரணமல்ல. பழக்கத்தை விட முடியாத ஏழையின் பையிலிருந்து கூடுதலாகப் பிடுங்குவதா என்ற ஆட்சேபம்தான் கனமானது. விலையை ஏற்றிவிட்டு, விடுவதற்கு வழி காட்டாவிட்டால் அது வெறும் தண்டனைதான். நம் நாட்டின் 2016-17 கணக்கெடுப்பில் புகைப்பவர்களில் 55.4 விழுக்காட்டினர் விட்டுவிட எண்ணியிருந்தார்கள். 1800-11-2356 என்ற கட்டணமில்லா ஆலோசனை எண் 2018 முதல் பொட்டலங்களில் அச்சாகிறது. உதிரியாக வாங்குபவருக்கு அதுவும் தெரியாது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் தமிழ்நாட்டில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் அதே ஊழியர் புகைப்பழக்கத்தையும் விசாரித்து ஆலோசனை தரலாம். தேவைப்படுபவரை மருத்துவரிடம் அனுப்பி, உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கும் நிகோடின் சூயிங்கம்மை இலவசமாகக் கிடைக்கச் செய்யலாம்.

ஜிஎஸ்டி கவுன்சிலில் தமிழ்நாட்டுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. பீடியையும் 40 விழுக்காட்டு அடுக்கில் சேர்க்க வேண்டும், கூடுதல் வருவாயில் ஒரு பங்கைச் சுற்றும் பெண்களின் மாற்றுத் தொழிலுக்கென்று சட்டப்படி ஒதுக்க வேண்டும் என்று, பீடி சுற்றும் மாநிலமான தமிழ்நாடே அங்கே கேட்க வேண்டும்.