பால்வெட்டப் போகிறவர் முதுகுக்கு ஒரு சிவப்பு விளக்கு

அதிகாலைக் குளிரில்தான் இறப்பர் பால் நன்றாக வடியும். அதனால் களுத்துறை, கேகாலைத் தோட்டங்களில் நம்மவர் பலர் இருட்டிலேயே சைக்கிளில் கிளம்புகிறார்கள். லொறி வருவதோ முதுகுக்குப் பின்னால்.

கார்மின் வேரியா போன்ற ராடர் விளக்குகள், பின்னால் வரும் வாகனத்தை 140 மீற்றரிலேயே கண்டு சொல்லும். நல்ல கருவிதான். ஆனால் விலை சுமார் 200 டொலர். நமது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். வளைவுக்கு அப்பால் வருவதும் அதற்குத் தெரியாது.

ராடர் நம்மை எச்சரிக்கும். சிவப்பு விளக்கு சாரதியை எச்சரிக்கும். விலகிப் போக வேண்டியவர் அவர்தானே? ஆகவே முதலில் மழைக்கு அணையாத பின்விளக்கும் ரிப்ளெக்டரும் வேண்டும். கட்டிய சாமான் அவற்றை மறைக்கவும் கூடாது.

விடியுமுன் வேலைக்கு அழைக்கும் நிர்வாகமே அவற்றைத் தரவேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் இதையும் கேட்போம்.