கதாநாயகியின் வயிற்றுவலி

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முடிந்த இடத்திலிருந்து கதையை மேற்கொண்டு நடத்திச் சென்று விக்கிரமன் எழுதிய 'நந்திபுரத்து நாயகி'யை ஒரு சரித்திர நாவலாகவே நாம் வாசித்து வந்திருக்கிறோம். ஒருவர் படைத்த மாந்தரின் மீது கொண்ட பிரியத்தால் இன்னொருவர் அவர்களைக் கைப்பிடித்து அழைத்துப்போய் வேறு சம்பவங்களில் உலவ விடும் இந்த வழக்கத்துக்கு இன்று ஆங்கிலத்தில் 'ஃபேன் ஃபிக்ஷன்' என்று பெயர்; ரசிகர் புனைவு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பெரும்பாலும் இளம்பெண்களே எழுதி இளம்பெண்களே படிக்கும் இந்த இலக்கியத்தின் பெருங்களஞ்சியமான 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்பதற்கு 2019-ஆம் ஆண்டில் ஹியூகோ விருதே கிடைத்தது. கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் இவ்வகைக் கதைகளைப் படிப்பதோடு தானும் எழுதுகிறவள். அவள் வற்புறுத்தலின் பேரில் சென்ற மாதம் முழுவதும் ஹாரி பாட்டரின் மந்திரப் பள்ளியைச் சுற்றி எழுதப்பட்ட ரசிகர் கதைகள் பலவற்றை நான் படித்தேன்; படித்தவற்றுள் ஒரு விஷயம் என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

மூலக் கதையின் ஏழு பாகங்களிலும், பதினோரு வயதில் உறைவிடப் பள்ளிக்கு வந்து பதினெட்டை எட்டும் வரை வளர்கிற, ஹாரியின் தோழியான ஹெர்மயனிக்கோ அவளுடைய தோழிகளுக்கோ மாதவிடாய் என்ற ஒன்று நேர்வதாக ஒரு குறிப்பும் இல்லை. அச்சேறிய நாவல்களில் மிகப் பெரும்பாலானவற்றின் சம்பிரதாயமும் அதுவே. போரும் மரணமும் பக்கம் பக்கமாக வர்ணிக்கப்படும், பெண்ணின் சரீரத்தில் மாதந்தோறும் நிகழ்வது மட்டும் வாசலுக்கு வெளியே நிற்கும். அந்த மௌனத்தைக் கலைக்கத் துணிந்தவர்களுள் இந்தப் பெயரறியா ரசிகைகளும் உண்டு என்பதை நான் மனப்பூர்வமான மரியாதையுடன் சொல்கிறேன். கதாநாயகியின் உடுப்பில் கறை படிந்தது என்று எழுத அவர்கள் வெட்கப்படவில்லை. ஆகவே, இனி நான் சொல்லப்போகும் குறை அந்தத் துணிவைப் பற்றியது அன்று.

இவர்கள் தங்களுக்குள் 'ஹர்ட் கம்ஃபர்ட்' என்று அழைக்கும் ஒரு கதைவகை இருக்கிறது. நோவும் தேறுதலும் என்று அதற்குப் பொருள். நாயகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள்வாள். இதுவரை அவளைத் திரும்பியும் பாராத நாயகன் ஓடிவருவான். வெந்நீர்ப் பையும் சாக்லேட்டும் வரும், அல்லது பள்ளியின் மருந்தறையிலிருந்து ஒரு மிடறு கஷாயம் வரும். விடியும்போது வலியும் இராது, இருவருக்கும் இடையே இருந்த பிணக்கும் இராது. தன் வேதனையை ஒருவர் அறிந்து அருகில் வந்து அமரவேண்டும் என்று ஏங்காத மனித ஜீவன் உண்டா? அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் இந்த அமைப்புக்குள் நுழைகிற எந்த வியாதியும் தன் சுபாவத்தை இழந்து, நாயகன் வருவதற்காகத் தொடங்கி அவன் வந்தவுடன் தீர்ந்துபோகும் ஒரு சந்தர்ப்பமாக மாறிவிடுகிறது என்பதே என் வருத்தம்.

இந்தக் கதைகளில் அடிக்கடி வரும் ஒரு நோய் 'டாக்ஸிக் ஷாக் சிண்ட்ரோம்' என்னும் நச்சு அதிர்ச்சி நோய். மேல்நாட்டுப் பெண்கள் விலக்கு நாட்களில் உள்ளே வைத்துக்கொள்ளும் பஞ்சுத் திரியாகிய டாம்பானை நாயகி ஓர் இரவு எடுக்க மறந்துவிடுகிறாள். தேங்கிய உதிரம் அழுகி விஷமாகி, மறுநாள் காலையில் அவள் படிக்கட்டில் விழுகிறாள். நான் படித்த கதைகள் பலவற்றிலும் இதுவே கிரமம். மெய்யான வரலாறோ வேறு. 1978-இல் அமெரிக்காவின் டென்வர் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் டாட் 'லான்செட்' சஞ்சிகையில் இந்நோய்க்கு முதன்முதலாகப் பெயரிட்டு விவரித்தபோது, அவர் கண்ட நோயாளிகள் எட்டு வயது முதல் பதினேழு வயது வரையிலான ஏழு பேர். அவர்களுள் ஆண்பிள்ளைகளும் இருந்தார்கள். விஷத்தை உண்டாக்குவது உதிரம் அன்று. நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் சாதுவாகக் குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியின் ஒருசில இனங்களே அதைச் சுரக்கின்றன. அறுவைக் காயத்திலும், தீப்புண்ணிலும், மூக்கில் இரத்தம் நிற்க அடைத்த பஞ்சிலும்கூட அந்த நோய் தோன்றக்கூடும்.

மாதவிடாயோடு அதன் பெயர் இறுகப் பிணைந்தது 1980-இல். அவ்வாண்டில் அமெரிக்காவில் இளம்பெண்கள் பலர் இந்நோயால் தாக்குண்டு சிலர் மாண்டும் போகவே, பழைய பஞ்சுக்குப் பதிலாகப் பாலியெஸ்டர் நுரைத் துண்டுகளும் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸும் அடைத்து மிகுதியாக உறிஞ்சுமாறு செய்யப்பட்ட 'ரிலை' என்ற டாம்பானின்மேல் சந்தேகம் விழுந்தது. செப்டம்பர் மாதத்தில் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. மறதியோ அசுத்தமோ காரணமாக அந்தப் பெண்கள் நோயுற்றார்கள் என்று எண்ணுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். அவர்களுள் பலர் விதிப்படி மாற்றிக்கொண்டு வந்தவர்களே. அந்த நச்சு உருவாவதற்குப் பிராணவாயு வேண்டும். உறிஞ்சும் திறன் மிகுந்த திரி தன் இடுக்குகளில் காற்றை ஏந்தி உள்ளே கொண்டுபோகிறது. நச்சுக்கு எதிரான காப்பு உடலில் ஏற்கனவே அமைந்தவர்கள் தப்புகிறார்கள், அமையாதவர்கள் விழுகிறார்கள். வயது வந்தோரில் பெரும்பாலோருக்கு அந்தக் காப்பு இருப்பதாலேயே இந்நோய் லட்சத்தில் ஓரிருவருக்கு வரும் அபூர்வமாக நிற்கிறது. அமெரிக்க அரசு 1990 முதல் ஒவ்வொரு பெட்டியிலும் உறிஞ்சும் அளவை ஒரே முறையில் அச்சிடச் செய்ததற்கும், எட்டு மணி நேரத்துக்குமேல் வைக்கலாகாது என்ற எச்சரிக்கைக்கும் பின்னால் இருப்பது அந்தப் பெண்களின் மரணமே. திடீரென்ற கடுங்காய்ச்சல், வாந்தி, வெயிலில் கருகியதுபோன்ற செந்தடிப்பு, தாழ்ந்துகொண்டே போகும் இரத்த அழுத்தம் ஆகிய இவற்றைக் கண்டவுடன் திரியை எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். உயிர் தப்பியவர்களுக்கு ஓரிரு வாரம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் உரியும். நான் படித்த ஒரு கதையிலேனும் நாயகிக்குத் தோல் உரியவில்லை. அதற்குள் கதை முடிந்து அவர்கள் கைகோத்து உலாவப் போய்விடுகிறார்கள்.

அபூர்வமான நோய்க்கு இத்தனை பக்கம் ஒதுக்கும் அதே கதைகள், பத்துப் பெண்களில் ஒருத்திக்கு வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயைப் பெரும்பாலும் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. கருப்பையின் உள்வரிச் சவ்வை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே சூலகத்திலும் குடலிலும் வயிற்றின் உட்சவ்விலும் வேரூன்றி, மாதந்தோறும் வீங்கிக் கசிந்து, உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் வியாதி அது. மாதவிடாய்க் காலத்தில் வரும் சாதாரண வலிக்கும் திட்டமான சரீரக் காரணம் உண்டு. புரோஸ்டாகிளாண்டின் என்ற சுரப்புப் பொருள் கருப்பையை இறுக்குவதால் அது வருகிறது, அப்பொருளைத் தடுக்கும் ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளுக்கு அடங்குகிறது. அடங்காமல், பள்ளிக்குப் போகவிடாமல், மாதத்துக்கு மாதம் தரையில் கிடத்தும் வலியோ சோதித்து அறியவேண்டிய ஒன்று. நம் ரசிகைகளின் கதைகளில் இவ்விரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. எல்லாம் 'அந்த நாட்கள்'. எல்லாவற்றுக்கும் வெந்நீர்ப் பை.

பிரிட்டிஷ் நாவலாசிரியை ஹிலரி மான்டெல், 2003-இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்பில், இருபது வயதில் தமக்கு வந்த தீராத வலியை வைத்தியர்கள் மனக்கோளாறு என்று முடிவுகட்டி மனநோய் மருந்துகளைப் புகட்டிய கதையைச் சொல்லியிருக்கிறார். பின்னர் கணவருடன் போட்ஸ்வானாவில் வசித்தபோது, ஒரு வைத்திய நூலைத் தாமே புரட்டி, அதில் கண்ட லட்சணங்களைத் தம் உடலோடு ஒப்பிட்டு, எண்டோமெட்ரியோசிஸ் என்று நிர்ணயம் செய்தவர் அவரே. இருபத்தேழாம் வயதில் கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். அப்படியும் நோய் அவரை முற்றிலும் விட்டுவிடவில்லை. இருமுறை புக்கர் பரிசு பெற்ற அந்த மேதை, வைத்தியர் சொல்லாத தம் நோயின் பெயரை வாசிப்பின் மூலமாகவே அறிந்துகொண்டார் என்பதை நினைக்கும்போது, வீட்டில் எவரிடமும் கேட்கக் கூசி, இரவில் போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் கதை படிக்கும் பெண்குழந்தை தன் உடலைப் பற்றி அங்கே என்ன காண்கிறாள் என்பது அற்ப விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் அண்ணன் மகளிடம் சொன்னேன். அவள் எழுதிய கதையிலும் ஹெர்மயனிக்கு மருந்தறையில் ஒரே மிடறில் வலி பறந்துபோயிற்று. "எப்படித்தான் எழுதணும்ங்கறீங்க, அத்தை?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டாள். ஐந்தாம் மாதமும் அவள் அதே மருந்தறைக்கு வரட்டும், தாதி அவளை நம்பாமல் திருப்பி அனுப்பட்டும், பிறகு யார் என்ன செய்கிறார்கள் என்று எழுது என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்களுக்கு எப்போ கண்டுபிடிச்சாங்க?" என்றாள். இதுவரை அவள் என்னைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. எனக்குப் பதினான்காம் வயதில் தொடங்கியது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று ஒரு வைத்தியரும், குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்று இன்னொருவரும் சொல்லியனுப்பினார்கள். முப்பத்தோராம் வயதில், வேறு எதற்கோ வயிற்றைத் திறந்தபோதுதான் கண்டார்கள்.

"பதினேழு வருஷம்" என்று அவளே கணக்கிட்டாள். பிறகு கைபேசியை எடுத்து, கதையின் கடைசிப் பக்கத்தை அழித்துவிட்டு, அங்கேயே என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.